பட்டுப் புடவைக்குள் காலர் மைக்: உரசல் இல்லாமல் பதிவது எப்படி

படப்பிடிப்பிலேயே குரலைப் பதியும் லைவ் சவுண்டில் ஜெனரேட்டரை விடத் துணிதான் அதிகம் படுத்தும். ஜெனரேட்டரையாவது தெருக்கோடிக்குத் தள்ளி நிறுத்தலாம்.

முதலில் ஹெட்போனில் கேட்பது எந்தச் சத்தம் என்று பிரித்துப் பாருங்கள். துணி மைக்கின் மேலேயே பட்டால் கரகரவென்று காதுக்குள் கேட்கும். ஒழுங்காக ஒட்டினால் தீர்ந்துவிடும். துணியோடு துணி உரசும் சரசரப்பு காற்று வழியாக வருவது. பூமிலும் (கம்பில் கட்டித் தலைக்கு மேலே பிடிக்கும் மைக்) அது கேட்கிறதென்றால் எத்தனை டேப் ஒட்டியும் பயனில்லை. கஞ்சி போட்ட பருத்தி என்றால் முன்கூட்டியே காஸ்ட்யூமரிடம் சொல்லி அலசித் தரச் சொல்லலாம். பட்டுக்கு அந்த வழி கிடையாது. மைக்கை முந்தானை மடிப்பில் செருகாமல் ரவிக்கைக் கழுத்தின் நடுவே, உட்புறமாக வையுங்கள்.

மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே, மார்பெலும்பின் மேல் வைப்பது சரியான இடம். கழுத்தை ஒட்டி வைத்தால் மோவாய் மறைத்துக் குரல் மந்தமாகிவிடும். நடிகையிடம் சொல்லிவிட்டு, காஸ்ட்யூம் உதவியாளராக உள்ள பெண்ணையே பொருத்தச் சொல்லுங்கள்.

இரண்டு துண்டு டேப்பை, பசை வெளிப்பக்கம் இருக்குமாறு சிறு முக்கோணங்களாக மடித்து மைக்கின் இருபுறமும் ஒட்டுங்கள். மைக்கின் வாயை மட்டும் மூடிவிடக் கூடாது. ஒரு முக்கோணம் ரவிக்கையைப் பிடிக்கட்டும், மற்றது உடம்பை. மைக், ரவிக்கை, உடம்பு மூன்றும் ஒன்றாக அசைந்தால் உரச இடமிருக்காது. தோலில் ஒட்டுவது மருத்துவ டேப்பாக இருக்கட்டும். வியர்வையைத் துடைத்து உலர்ந்த பிறகே ஒட்டுங்கள். மைக்குக்குக் கீழே வயரை ஒரு சின்ன வளையமாகச் சுற்றி அதையும் ஒட்டிவிடுங்கள். இதை விட்டால், நடிகை திரும்பும்போதெல்லாம் வயர் இழுபடும் சத்தம் பதிவாகும்.

நம் வெயிலில், நன்றாகப் போய்க்கொண்டிருந்த குரல் திடீரென்று அடைத்தாற்போல் ஆனால், மைக் வாயில் வியர்வை இறங்கியிருக்கும். காலர் மைக்குகள் பெரும்பாலும் எல்லாத் திசையிலும் கேட்பவை, அதனால் தலைகீழாக மாட்டினாலும் குரல் அவ்வளவாகக் குறையாது; வியர்வையும் உள்ளே வழியாது. மைக்கின் ஒலியை வயரில்லாமல் அனுப்பும் ட்ரான்ஸ்மிட்டரை இடுப்பில் கட்டும்போது, மசகு தடவாத ஆணுறைக்குள் போடுவது பழைய யூனிட் வழக்கம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், ஈரம் உள்ளே போகாது. ஆன்டெனாவை மட்டும் மடிக்காதீர்கள், ஈரத் தோலில் ஒட்டவும் விடாதீர்கள். உடம்பு சிக்னலைக் குடித்துவிடும்.

தாலிச் சங்கிலி மைக்கில் இடித்தால், அதையும் உட்புறமாக ஒரு துண்டு டேப்பால் ரவிக்கையோடு பிடித்துவிடலாம். கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்வதற்கு முன், ஃப்ரேமில் கை தெரிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு லெவலை ஒத்திகையை நம்பி வைக்காதீர்கள். டேக்கில் எல்லாரும் குரலை உயர்த்துவார்கள். ரெக்கார்டர் மீட்டரில் சாதாரணப் பேச்சு மைனஸ் 20 டெசிபெல்லையும், உச்சம் மைனஸ் 10-ஐயும் ஒட்டி நின்றால் போதும். ரெக்கார்டர் 32 பிட் ஃப்ளோட் (எவ்வளவு உரத்த குரலையும் உடையாமல் பதியும் முறை) என்பதற்காக அசட்டையாக இருக்க வேண்டாம்: ட்ரான்ஸ்மிட்டரிலேயே குரல் உடைந்திருந்தால் ரெக்கார்டர் அதைச் சரிசெய்யாது. பூமையும் காலரையும் எப்போதும் தனித்தனி ட்ராக்கில் பதியுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு வரி கெட்டால், லைட்டை அணைப்பதற்குள் அதே இடத்தில் அதே மைக்கில் அந்த வரியை மட்டும் மூன்று முறை சொல்ல வைத்து, கேமரா இல்லாமல் வைல்டாகப் பதியுங்கள். புடவையை அசைக்காமல் நின்றபடி சொல்லச் சொல்லுங்கள். கூடவே 30 விநாடி ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் சத்தம். அதற்குள் யாரும் நாற்காலியை நகர்த்தாமல் பார்த்துக்கொள்ள உதவி இயக்குநர் ஒருவரை நிறுத்திவையுங்கள்.