இரண்டு நொடி பொறுத்தால் போதாது

காரைக்குடியில் என்னிடம் இணைக் கணிமை, அதாவது ஒரு கணக்கைப் பங்கிட்டு ஒரே நேரத்தில் பல இடங்களில் ஓடவிடுவது, கற்க வரும் பிள்ளைகளின் நிரலைப் படித்தால், தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே திரும்பப் படிப்பதுபோல் இருக்கிறது. பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒருவரே தொடவைக்கும் பூட்டைத் திறக்க மறப்பது போன்ற தவறுகளை விட்டுவிடுகிறேன். நிரல் அசையாமல் நின்றதும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். எளிதில் கண்ணில் படாத நான்கை மட்டும் சொல்கிறேன்.

நேரம் கடந்தால் வேலை முடிந்தது என்று எண்ணுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிட, தகட்டை நான்கு பட்டைகளாக்கி நான்கு கணினிகளுக்குக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்துப் பட்டையின் ஓர வரிசை தேவை. சோதனையில் அது அரை நொடியில் வந்தது. ஆகவே "இரண்டு நொடி பொறு, பிறகு படி" என்று எழுதினேன். ஓர் இரவு யாரோ மூன்றாம் கணினியில் காப்புப் பிரதி எடுக்க, அது தளர்ந்தது. இரண்டாம் கணினி பழைய சுற்றின் எண்களையே படித்துக்கொண்டு மேலே போனது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. வரைபடத்தில் அவ்விரு பட்டைகளும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு படி மட்டும் தெரிந்தது. மூன்று வாரக் கணக்கு வீணானது.

போன வாரம் ஒரு மாணவி இதே இடத்தில் இரண்டை ஐந்தாக்கிக் கொண்டுவந்தாள். "இப்போது தவறே வரவில்லை, சார்" என்றாள். வரும், அம்மா; அரிதாக வரும், அதனாலேயே பிடிபடாது. ஒத்தியங்காத, அதாவது ஒரே தாளத்தில் ஓடாத, கணினிகளுக்கிடையே செய்தி போய்ச் சேர இவ்வளவுதான் நேரமாகும் என்று யாரும் உறுதி தருவதில்லை.

செய்தியோடு சுற்று எண்ணையும் அனுப்புங்கள். அண்டைக் கணினிகளின் ஏழாம் சுற்று வரிசைகள் கைக்கு வந்த பிறகே எட்டாம் சுற்று. அண்டைக் கணினி ஒரு சுற்று முந்திவிடலாம். அதன் வரிசையை எடுத்துவைக்கத் தனி இடம் ஒதுக்குங்கள். கணினி அறிவியலாளர் பாருக் அவெர்புக் 1985-இல் விளக்கிய ஆல்பா ஒத்திசைப்பி (கணினிகளைச் சுற்றுக்குச் சுற்று சேர்ந்து நடக்கவைக்கும் முறை) இதற்கு நெருங்கிய உறவு: தாம் அனுப்பியவை போய்ச் சேர்ந்தன என்று அண்டைக் கணினிகள் எல்லாம் சொன்னால்தான் அடுத்த சுற்று.

ஒரே தடுப்பை உடனே மறுபடி பயன்படுத்துவது

தடுப்பு என்பது எல்லா இழைகளும் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைத்தொடர்கள்) வந்து சேர்ந்ததா என்று எண்ணி, அதுவரை எதையும் மேலே விடாத இடம். எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்து வெளியேறும் முன்பே அடுத்த பந்திக்காரர்கள் உட்கார்ந்துவிட்டால், எத்தனை இலை போடுவதென்று தெரியாது. தடுப்பின் எண்ணிக்கையும் அப்படியே குழம்பும். எந்தச் சுற்றுக்குக் காத்திருக்கிறோம் என்று இழைக்குத் தெரிய, சுற்றுக்குச் சுற்று 0, 1 என மாறும் அடையாளம் வையுங்கள்.

கணினிக் கடிகாரங்களை ஒப்பிட்டு முன்பின் முடிவுசெய்வது

வேண்டாம்; இரு கணினிகளின் கடிகாரங்கள் சரியாக ஒத்துப்போவதில்லை. பல கணினிகளில் நடப்பவற்றை எப்படி வரிசைப்படுத்துவது என்று விளக்கும், கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட்டின் 1978 கட்டுரையைப் படியுங்கள்.

விழித்த இழை நிபந்தனையைப் பாராமல் ஓடுவது

ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை தூங்கிக் காத்திருக்கும் இழை, எவரும் எழுப்பாமலும் சில சமயம் விழிக்கும். விழித்ததும் நிபந்தனையை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.