குட்டிக்குப் பால் ஒத்துவரவில்லை

கொக்குவிலில் இருந்து ஏழு கிழமை நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்தோம். அம்மம்மா சொல்லைக் கேட்டுப் பசும்பால் வைத்தேன். மூன்றாம் நாள் விறாந்தை முழுக்க வயிற்றோட்டம்! தாய்ப்பால் மறக்கும் வயதில் பாலிலுள்ள சீனி பல குட்டிகளுக்குச் செரிக்காது என்று மிருக வைத்தியர் சொன்னார்.

சரி, பால் நிறுத்தம். இரண்டு நாள் குழைந்த சோறும் உப்பில்லாமல் அவித்த கோழியும். பிறகு குட்டிகளுக்கான உலர் உணவை இளஞ்சூட்டு நீரில், விரலால் அமத்தினால் கூழாகும்வரை ஊறவைத்து, அந்தச் சோற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒரு கிழமையில் முழுதாக உலர் உணவுக்கு மாறிவிட்டது. நாளுக்கு 4 தரம்.

மிச்சக் குழம்புச் சோறு மட்டும் கிட்டவும் வரக்கூடாது; வெங்காயம் நாய்க்கு நஞ்சு. அம்மம்மாவுக்கு இன்னும் கோபம்தான். இரகசியமாகச் சூடைமீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருக்கிறா.