நர்சிங் சேரப் போகிறீர்களா? முதல் வருடத்தில் இந்தத் தவறுகள் வேண்டாம்

பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேரப் போகும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமா?" என்பதுதான். பலருக்கும் அது போகப் போகப் பழகிவிடும். காலையில் சாப்பிடாமல் வார்டுக்குப் போய் மயங்கி விழுபவர்கள்தான் அதிகம், அதனால் நாலு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கவலைப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன.

முதலில் கல்லூரி. ஏ.என்.எம். (துணை நர்ஸ், மருத்துவச்சி படிப்பு) 2 வருடம், ஜி.என்.எம். (பொது நர்சிங் டிப்ளமோ) 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் பட்டம் 4 வருடம். 'ஒரே வருடத்தில் நர்சிங் டிப்ளமோ' என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் படித்தால் மாநில நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது, பதிவு இல்லாமல் அரசு வேலையும் கிடையாது, வெளிநாடும் கிடையாது. ஏஜென்ட் பேச்சை நம்பி அப்பா நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தக் கல்லூரிக்கு அந்தக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, இந்தியன் நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

அடுத்து ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோய்) தடுப்பூசி. போஸ்டிங், அதாவது வார்டில் பயிற்சி, ஆரம்பிக்கட்டும், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று நிறைய பேர் தள்ளிப்போடுகிறார்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது என்று மூன்று தவணை அது. சிறுவயதில் போட்ட பதிவு கையில் இல்லையென்றால் அட்மிஷன் முடிந்த கையோடு டாக்டரிடம் கேட்டுத் தொடங்கிவிடுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் அனாடமி (உடற்கூறியல்) புத்தகத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்யப் பார்ப்பார்கள். வேண்டாம். சொற்களைப் பிரித்துப் பாருங்கள். 'நெஃப்ர்' என்றால் சிறுநீரகம், 'ஹெபட்' என்றால் கல்லீரல், கடைசியில் 'ஐடிஸ்' வந்தால் அழற்சி. இப்படி ஐம்பது துண்டுகள் தெரிந்தால் பாதிப் புத்தகம் புரியும். லீவு விஷயத்திலும் கவனம் தேவை, 80 சதவீத வருகை இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும், அதிலும் வார்டு போஸ்டிங்கில் விட்ட நாட்களைப் பட்டம் வாங்குவதற்குள் முழுசாக ஈடுகட்டியாக வேண்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. முதல் வருடத்தில் நானே செய்தது. காலை வைட்டல்ஸ், அதாவது டெம்பரேச்சர், பல்ஸ், பி.பி., மூச்சு எண்ணிக்கை, எடுக்கச் சொன்னார்கள், பத்துப் பதினைந்து பெட். மற்றதெல்லாம் ஒழுங்காகப் பார்த்தேன், மூச்சை மட்டும் எண்ணவில்லை. எல்லாருக்கும் 20 என்று எழுதிவிட்டேன். எங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் டியூட்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஓரத்து பெட்டில் இருந்த தாத்தாவிடம் கூட்டிப்போனார். அவர் சாய முடியாமல் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார், கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. "இப்ப எண்ணு" என்றார் டியூட்டர். 34. உடனே டாக்டரைக் கூப்பிட்டு ஆக்சிஜன் வைத்தார்கள். நான் எழுதிய 20-ஐ நம்பியிருந்தால் அடுத்த ரவுண்ட்ஸ் வரை யாரும் அவர் பக்கம் போயிருக்க மாட்டார்கள்.

அதனால், எண்ணாததை எழுதாதீர்கள். பல்ஸ் பிடித்த கையை எடுக்காமலே நெஞ்சைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் பேஷன்ட் மூச்சு விடும் விதமே மாறிவிடும். எடுக்க நேரமில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு சிஸ்டரிடம் போய்ச் சொல்லுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை. கேஸ் ஷீட்டில் மருந்துச் சுருக்கெழுத்து புரியவில்லையா, அதையும் ஊகிக்காமல் கேளுங்கள். வார்டில் போட்டோ எடுப்பதும் வேண்டாம், பின்னால் ஒரு பேஷன்டின் முகம் விழுந்திருக்கும்.

கடைசியாக ஊசி. போட்டு முடித்த ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள், பல நேரம் கையில் குத்துவது அப்போதுதான். குத்திவிட்டால் விரலைப் பிதுக்கவோ வாயில் வைக்கவோ கூடாது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அந்த நிமிடமே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. டியூட்டி முடியட்டும், ஹாஸ்டலுக்குப் போய் அம்மாவுக்கு போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.