டவுட்டா, சஸ்பெக்டா? ஆங்கிலத்தில் சரியாகச் சந்தேகப்படுவது எப்படி

சென்னையில் இருக்கும் ஒருவர் லண்டனில் இருக்கும் மேலாளருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "ஐ டவுட் தி சர்வர் இஸ் டவுன்." சர்வர் படுத்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. லண்டன்காரருக்குப் புரிவதோ வேறு: "சர்வர் படுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை." அப்படியானால் கவலை இல்லை என்று அவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை, பொருள்தான் தலைகீழாகிவிட்டது. டவுட் என்ற வினைச்சொல்லில் தமிழர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். படிக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

படி 1: எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்

டவுட் என்றால் "இருக்காது" என்ற பக்கம் மனம் சாய்கிறது. சஸ்பெக்ட் என்றால் "இருக்கும்" என்ற பக்கம் சாய்கிறது.

"ஐ டவுட் ஹி இஸ் லையிங்" என்றால், அவன் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.
"ஐ சஸ்பெக்ட் ஹி இஸ் லையிங்" என்றால், அவன் பொய்தான் சொல்கிறான் என்று தோன்றுகிறது.

குழப்பம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. டவுட் இருக்கும் இடத்தில் "ஐ டோன்ட் திங்க்" என்று போட்டுப் படியுங்கள். சஸ்பெக்ட் இருக்கும் இடத்தில் "ஐ திங்க்" போடுங்கள். நீங்கள் நினைத்த பொருள் அப்படியே நின்றால் சொல் சரி. முதலில் பார்த்த செய்தியை "ஐ டோன்ட் திங்க் தி சர்வர் இஸ் டவுன்" என்று மாற்றிப் படித்தாலே தவறு கண்ணில் பட்டுவிடும்.

ஒரு வேடிக்கை: ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்றும் டவுட் என்பதை நம்மைப் போலவே பயன்படுத்துவது உண்டு. "ஐ டவுட் இட்'ல் ரெயின்" என்று அங்கே ஒருவர் சொன்னால், மழை வரும் போலிருக்கிறது என்று பொருள். சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் இந்த வழக்கு இருந்தது. ஆனால் தேர்விலோ நேர்காணலிலோ ஸ்காட்லாந்தைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது.

படி 2: தமிழ் வினைச்சொல்லின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள்

சந்தேகம் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பக்கத்துக்கும் வைத்துக்கொள்கிறோம். அதனால் அந்தச் சொல்லை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் அதற்கு முன்னால் வரும் வினைச்சொல்லின் கடைசி எழுத்து விடையைச் சொல்லிவிடும். பள்ளியில் இதை ஏன் சொல்லித் தருவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

"அவர் வருவாரா என்பது சந்தேகம்தான்." இங்கே வினை "ஆ" என்று முடிகிறது. வரமாட்டார் என்ற பக்கம் சாய்கிறீர்கள். டவுட் போடுங்கள்: "ஐ டவுட் ஹி வில் கம்."

"அவன்தான் எடுத்திருப்பானோ என்று சந்தேகமாக இருக்கிறது." இங்கே "ஓ" என்று முடிகிறது. எடுத்திருப்பான் என்ற பக்கம் சாய்கிறீர்கள். சஸ்பெக்ட் போடுங்கள்: "ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்."

ஆட்களைப் பற்றிப் பேசும்போது வேற்றுமை உருபையும் பாருங்கள். "அவன் மேல் சந்தேகம்" என்றால் "ஐ சஸ்பெக்ட் ஹிம்." ஏதோ தப்பு செய்திருக்கிறான் என்று நினைக்கிறீர்கள். "அவன் சொல்வதில் சந்தேகம்" என்றால் "ஐ டவுட் வாட் ஹி செஸ்." அவன் பேச்சை நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

"வருவாரோ மாட்டாரோ" என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொன்னால் இரண்டு சொல்லும் வேண்டாம். "ஐ'ம் நாட் ஷூர் இஃப் ஹி'ல் கம்" என்பதே இயல்பு.

படி 3: வாக்கியத்தைக் கட்டுங்கள்

டவுட் என்பதற்குப் பின்னால் தட், இஃப், வெதர் மூன்றும் வரலாம். "ஐ டவுட் தட் தே வில் வின்" என்றால் அவர்கள் ஜெயிப்பார்கள் என்ற நம்பிக்கை ஏறக்குறைய இல்லை. இஃப் அல்லது வெதர் போட்டால் கதவு இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறது. பேச்சில் தட் என்பதை விழுங்கிவிடுவார்கள். "ஐ டவுட் தே'ல் வின்" என்பதுதான் அதிகம் காதில் விழும்.

நேராகப் பெயர்ச்சொல்லும் வரலாம்: "ஐ டவுட் ஹிஸ் ஸ்டோரி." யாராவது ஒன்றைக் கேட்டு, நீங்கள் நம்பாவிட்டால் மூன்றே சொல் போதும்: "ஐ டவுட் இட்." பஸ் நேரத்துக்கு வருமா என்று கேட்டால் இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது.

எதிர்மறையில் தட் மட்டும் போடுங்கள். "ஐ டோன்ட் டவுட் தட் ஷி இஸ் ஆனஸ்ட்" என்றால் அவர் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே வெதர் பொருந்தாது.

அப்புறம் நாம் அடிக்கடி சேர்த்துவிடும் இரண்டு ஒட்டுகள். "ஐ டவுட் எபவுட் ஹிம்" என்பது தவறு, வினைச்சொல்லாக வரும்போது எபவுட் தேவையில்லை. பெயர்ச்சொல்லாக்கினால் சரியாகிவிடும்: "ஐ ஹேவ் டவுட்ஸ் எபவுட் ஹிம்." இன்னொன்று "ஐ ஹேவ் எ டவுட் ஆன் ஹிம்." அவன் "மேல்" சந்தேகம் என்பதை அப்படியே தூக்கிப் போட்டதால் வந்தது இது. "ஐ சஸ்பெக்ட் ஹிம்" என்று முடித்துவிடுங்கள்.

"ஐ ஆம் டவுட்டிங்" என்று தொடங்காதீர்கள். நோ (தெரிந்திருத்தல்), பிலீவ் (நம்புதல்) போல இதுவும் மனநிலையைச் சொல்லும் வினை. "ஐ டவுட்" போதும். ஆங்கிலேயர்கள் சில இடங்களில் ஐஎன்ஜி போட்டுப் பேசுவது உண்டு, ஆனால் ஆரம்பத்தில் அது உங்களுக்குத் தேவைப்படாது.

சஸ்பெக்ட் என்பதற்குப் பின்னால் தட் வரும், இஃப், வெதர் வராது. குற்றத்தைச் சொல்ல ஆஃப் சேர்க்க வேண்டும்: "தே சஸ்பெக்ட் ஹிம் ஆஃப் ஸ்டீலிங் தி ஃபோன்." இந்தச் சொல்லைக் கேட்டதும் போலீஸ் ஞாபகம் வர வேண்டியதில்லை. "ஐ சஸ்பெக்ட் யூ ஆர் ரைட்" என்பது நீங்கள் சொல்வதுதான் சரி போலிருக்கிறது என்று மென்மையாக ஒத்துக்கொள்வது.

படி 4: இரட்டை "இல்லை" வேண்டாம்

டவுட் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு "இல்லை" ஒளிந்திருக்கிறது. அதன் பின்னால் இன்னொரு "இல்லை" போட்டால் இரண்டும் அடித்துக்கொண்டு "ஆம்" ஆகிவிடும்.

"அவர் வரமாட்டார்னு டவுட்டா இருக்கு" என்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோம். அதை அப்படியே "ஐ டவுட் ஹி வோன்ட் கம்" என்று மாற்றினால், கேட்பவர் அவர் வந்துவிடுவார் என்று புரிந்துகொண்டு சாப்பாட்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார். "ஐ டவுட் ஹி'ல் கம்" என்று சொல்லுங்கள். இல்லையென்றால் "ஐ சஸ்பெக்ட் ஹி வோன்ட் கம்." இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

படி 5: "ஐ ஹேவ் எ டவுட், சார்"

வகுப்பில் கை தூக்கி இதைச் சொல்லாத மாணவர் இந்தியாவில் அபூர்வம். நமக்கு டவுட் என்றால் கேள்வி, புரியாத இடம். இந்திய ஆங்கிலத்தில் இது ஊறிப்போன வழக்கு. இங்கேயே பேசும்போது இதைத் தவறு என்று திருத்திக்கொண்டு திரிவதில் எனக்கு உடன்பாடில்லை. டவுட் கிளியரிங் செஷன் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

வெளிநாட்டவரிடம் மட்டும் கவனமாக இருங்கள். ஒரு அமெரிக்கர் தன் திட்டத்தை விளக்கி முடித்ததும் நீங்கள் "ஐ ஹேவ் எ டவுட்" என்றால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்பது போல அவர் காதில் விழும். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று ஆரம்பியுங்கள். புரியவில்லை என்றால் "குட் யூ எக்ஸ்ப்ளெய்ன் தட் அகெய்ன்?" என்று கேளுங்கள்.

படி 6: உச்சரிப்பு

டவுட் என்பதில் பி எழுத்தைச் சொல்லக் கூடாது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் பி இல்லவே இல்லை. அதன் லத்தீன் மூலம் டுபிடாரே என்பதைக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் எழுத்தில் மட்டும் அதைச் செருகினார்கள். கடன் என்று பொருள்படும் டெட் என்ற சொல்லிலும் இதே கதைதான். கடைசியில் "டவுட்டு" என்று உகரம் சேராமல் நிறுத்திப் பழகுங்கள்.

சஸ்பெக்ட் வினையாக வந்தால் அழுத்தம் இரண்டாம் அசையில், "பெக்ட்" என்பதில். சந்தேகத்துக்குரிய ஆள் என்ற பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசையான "சஸ்" என்பதில்.

படி 7: தொடர்களாகப் பழகுங்கள்

நோ டவுட் என்பது பார்க்க உறுதியானது போலத் தெரியும். ஆனால் "நோ டவுட் ஹி'ல் கால் லேட்டர்" என்றால் அனேகமாகக் கூப்பிடுவார் என்ற அளவுதான். அடித்துச் சொல்ல வேண்டுமானால் விதவுட் எ டவுட் அல்லது தேர் இஸ் நோ டவுட் தட் வேண்டும்.

பெனிஃபிட் ஆஃப் தி டவுட் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை" என்று நீதிமன்றச் செய்திகளில் வருகிறதே, அதுதான். குற்றத்தை பியாண்ட் ரீசனபிள் டவுட் நிரூபிக்க வேண்டும் என்ற விதியோடு சேர்ந்து வருவது இது. கிரிக்கெட்டில் அம்பயருக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் பேட்ஸ்மேனுக்குக் கொடுக்கும் சலுகைக்கும் இதே பெயர். நண்பர் தாமதமாக வந்து டிராஃபிக் என்று காரணம் சொன்னால், "ஐ'ல் கிவ் யூ தி பெனிஃபிட் ஆஃப் தி டவுட்" என்று சொல்லி விட்டுவிடலாம்.

கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பாத ஆளை டவுட்டிங் தாமஸ் என்பார்கள். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைப் பார்த்துத் தொட்டால்தான் நம்புவேன் என்று சொன்ன சீடர் தோமாவிடமிருந்து வந்த பெயர். சென்னை பரங்கிமலைக்கு செயின்ட் தாமஸ் மவுண்ட் என்று பெயர் வந்ததும் அவரால்தான். அவர் அங்கே கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு.

படி 8: இப்போது நீங்கள்

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். விடையை முதலில் பார்க்காதீர்கள்.

அ. இந்தக் கடையில் சில்லறை கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.
ஆ. பால் கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம்.
இ. அவள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை.
ஈ. கரண்ட் இன்றைக்கு வராதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

விடைகள்:

அ. "ஐ டவுட் திஸ் ஷாப் வில் ஹேவ் சேஞ்ச்."
ஆ. "ஐ சஸ்பெக்ட் தி மில்க் ஹேஸ் கான் பேட்." இங்கே டவுட் போட்டால் பால் நன்றாக இருக்கிறது என்று யாராவது காபி போட்டுவிடுவார்கள்.
இ. "ஐ டோன்ட் டவுட் ஹெர் எபிலிட்டி."
ஈ. "ஐ டவுட் தி பவர் வில் கம் பேக் டுடே." தமிழில் "ஓ" இருப்பதால் "ஐ சஸ்பெக்ட் தி பவர் வோன்ட் கம் பேக் டுடே" என்று எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண். "ஐ டவுட்" போட்டு வோன்ட் என்றும் எழுதியிருந்தால் படி 4-க்குத் திரும்பிப் போங்கள்.