பூஸ்ட் பட்டனை அமுக்குவதற்கு முன்னால்

போன வாரம் பெரம்பூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, முருங்கை இலைப் பொடி எல்லாம் வீட்டிலேயே அரைத்து ஆன்லைனில் விற்கிறாள். ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது.

"அக்கா, எட்டாயிரம் ரூபா போட்டு பூஸ்ட் பண்ணேன். லைக்கா கொட்டுது. ஆர்டர் ரெண்டே ரெண்டுதான் வந்துச்சு. அதுல ஒண்ணு எங்க சித்தி."

(பூஸ்ட் என்றால், ஃபேஸ்புக்குக்குக் காசு கொடுத்து நம் பதிவை இன்னும் பல பேருக்குக் காட்டவைப்பது.) சிரித்துவிட்டேன். அப்புறம் என் பழைய கணக்கு நோட்டு ஞாபகத்துக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. 2019இல் நான் செய்ததும் அச்சு அசலாக இதேதான். தொகை மட்டும் இன்னும் பெரியது.

நான் விற்பது வார்ப்பு இரும்பு தோசைக்கல், பணியாரக்கல், அப்புறம் மாக்கல்லில் குடைந்த கல்சட்டி. மடிப்பாக்கத்தில் வீட்டின் முன்னறைதான் கிடங்கு. விருந்தாளி வந்தால் தோசைக்கல் அடுக்கைத் தாண்டித்தான் சோபாவுக்குப் போக வேண்டும். புதிதாகக் கடை தொடங்குகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேராவது சந்தேகம் கேட்டுப் பேசுகிறார்கள். படம் மங்கலாக இருக்கக் கூடாது, கேள்விக்கு உடனே பதில் போட வேண்டும், பேக்கிங் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாமல் யாரும் கடை போடுவதில்லை. நன்றாக யோசித்து, புத்திசாலித்தனம் என்று நம்பிச் செய்கிற தவறுகள்தான் காசைத் தின்கின்றன.

லைக்கைக் காசு கொடுத்து வாங்குவது

அந்த வருடம் ஒரு சின்ன வீடியோ எடுத்தேன். காய்ந்த கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம், மாவு இழுக்கும் கரண்டி, ஓரம் தானாகவே எழும்பி வரும் முறுகல் தோசை. அவ்வளவுதான். ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டதும் வழக்கமாக வரும் நூறு லைக் ஆயிரத்தைத் தாண்டியது. உடனே பதிவுக்குக் கீழே ஒரு வரி வந்தது: இந்தப் பதிவு உங்கள் மற்ற பதிவுகளைவிட நன்றாகப் போகிறது, பூஸ்ட் செய்யுங்கள். யாரோ முதுகில் தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. அமுக்கினேன்.

யாருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டது. அதுவாகவே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டேன். எந்த ஊர் என்று கேட்டது. இந்தியா என்றேன். பெரிய மனசு! நாளுக்கு 500 ரூபாய் வீதம் 24 நாள் ஓடியது. 12,000 ரூபாய், அதன் மேல் 18% ஜிஎஸ்டி 2,160. மொத்தம் 14,160 ரூபாய். லைக் பதினோராயிரத்தைத் தாண்டியது. என் கணவர் அலுவலகத்தில் எல்லாருக்கும் காட்டினார்.

கமென்ட்களை உட்கார்ந்து படித்தது ரொம்பப் பின்னால்தான். "மாவு அளவு சொல்லுங்க சிஸ்டர்." "எந்த அரிசி?" "வெந்தயம் போடுவீங்களா?" பத்தில் எட்டுப் பேர் மாவைத்தான் கேட்டிருந்தார்கள். கல்லைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 14,160 ரூபாய் செலவழித்து நான் விளம்பரம் செய்தது தோசையை. தோசை என்னிடம் விற்பனைக்கு இல்லை.

இது விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்கிற ஃபேஸ்புக் இயந்திரத்தின் குற்றமும் இல்லை. அதனிடம் எதைக் கேட்கிறோமோ அதைத் தேடிக்கொண்டு வந்து கொடுக்கும். லைக் வேண்டும் என்று கேட்டால், பார்க்கிறதுக்கெல்லாம் லைக் போடுகிற ஆட்களாகப் பார்த்துக் காட்டும். அப்படிப்பட்டவர்கள் ஏராளம். அவர்களுக்குக் காட்டுவது மலிவும்கூட. அதனால்தான் கணக்குப் பார்க்கும்போது ஏதோ சல்லிசாகக் கிடைத்துவிட்டதுபோல மனசுக்கு நிறைவாக இருக்கிறது. பர்ஸை எடுக்கிற ஆள் வேறு. அவர் பெரும்பாலும் லைக் போடுவதே இல்லை. என் நிரந்தர வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இன்றுவரை என் ஒரு பதிவைக்கூடத் தொட்டதில்லை.

விளம்பரத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அப்போது கேஷ் ஆன் டெலிவரியையும் இந்தியா முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். அந்த அலையில் முப்பத்தொரு ஆர்டர் வந்தது. பதின்மூன்று திரும்பி வந்தது. கதவைத் திறக்காதவர், போன் எடுக்காதவர், "சும்மா அமுக்கிப் பார்த்தேன்" என்றவர். ஒரு கல் கிட்டத்தட்ட மூன்று கிலோ. போகும் கூலியும் என் தலையில், வரும் கூலியும் என் தலையில். அதில் இரண்டு, காது உடைந்து வந்தன. வார்ப்பு இரும்பு கீழே விழுந்தால் வளையாது, உடைந்துவிடும். அந்த இரண்டில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். மாடியில் துளசித் தொட்டிக்கு அடியில் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில், பதிவுக்குக் கீழே இருக்கும் பட்டனை விட்டுவிட்டு, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் விளம்பரப் பக்கமான ஆட்ஸ் மேனேஜருக்குப் போங்கள். அங்கே முதல் கேள்வியே உங்கள் நோக்கம் என்ன என்பதுதான். ஆறு நோக்கங்கள் இருக்கும். விற்பனை அதில் ஒன்று. ஆனால் விற்பனையையே நேராகத் தேர்ந்தெடுத்தாலும் சின்னக் கடைக்கு ஒரு சிக்கல் உண்டு. யாரிடம் காட்டினால் காரியம் நடக்கும் என்று அந்த இயந்திரம் கற்றுக்கொள்ள, வாரத்துக்குச் சுமார் 50 முறையாவது அந்தக் காரியம் நடக்க வேண்டும் என்கிறது மெட்டா. நாளுக்கு 300 ரூபாய் போடுகிற நமக்கு வாரம் 50 விற்பனை எங்கே வரும்? அதனால் நான், விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்அப்பில் பேச்சு தொடங்குகிற மாதிரி வைக்கிறேன். வாரம் 50 பேர் பேசவைப்பது நடக்கிற காரியம். பேச வந்தவரை வாங்கவைப்பது என் வேலை.

வைத்த பிறகு ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். பெரம்பூர்ப் பெண் தினமும் சாயங்காலம் படத்தை மாற்றியிருக்கிறாள், ஊரை மாற்றியிருக்கிறாள். பெரிதாக எதை மாற்றினாலும் இயந்திரம் திரும்ப முதலிலிருந்து கற்கத் தொடங்கும். அடிக்கொரு தரம் மூடியைத் திறந்தால் சோறு எப்போது வேகும்?

இதற்கெல்லாம் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. எனக்கு அது பணம் போன பிறகுதான் உறைத்தது. இரண்டு வருட பில்களை எடுத்துத் தரையில் பரப்பி, யார் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். புதிதாகக் குடித்தனம் போகும் இருபத்தைந்து வயசுப் பெண்கள்தான் என் வாடிக்கையாளர்கள் என்று நினைத்திருந்தேன். விளம்பரமும் அவர்களுக்குத்தான். பில்லில் இருந்த பெயர்களோ அவர்களுடைய அம்மாக்கள். சீர்ப் பாத்திரத்தோடு வைக்க ஒரு தோசைக்கல், ஒரு கல்சட்டி. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு ஒரு மாதம் முன்னால் ஆர்டர் ஏறும். ஆடியில் தி.நகரில் கால் வைக்க இடம் இருக்காது. என் முன்னறையில் ஈ ஓட்டுவேன். இவ்வளவும் என் பீரோவுக்குள்ளேயே இருந்தது.

வீடியோவையும் மாற்றினேன். புதுக் கல்சட்டியை எப்படிப் பழக்குவது என்று நாலு நிமிடம். மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துத் தடவி ஊறவைப்பது, அரிசி கழுவிய தண்ணீர், அப்புறம் சூடான கஞ்சி, சில நாள் கழித்துத்தான் சின்னத் தீயில் அடுப்பு. அவசரப்பட்டால் விரிசல் விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லை. லைக் இருநூறுகூட வரவில்லை. ஆனால் கல்சட்டி வாங்கலாமா என்று யோசிக்கிறவரைத் தவிர வேறு யார் அதை நாலு நிமிடம் உட்கார்ந்து பார்ப்பார்கள்? அதற்கடியில் வந்த கேள்விகளே வேறு மாதிரி இருந்தன: "மூணு பேருக்கு எந்த சைஸ்?" "இன்டக்‌ஷன்ல வைக்கலாமா?" (கல்சட்டியை வைக்க முடியாது. அடி தட்டையான இரும்புக் கல்லை வைக்கலாம்.) அந்த வீடியோ இன்னும் விற்றுக்கொடுக்கிறது.

பெரம்பூர்ப் பெண்ணிடம், இரண்டாவது முறை வாங்கியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு ஆன்ட்டி இருக்காங்க. பையன் பெங்களூர்ல வேலை பார்க்கிறானாம். மாசாமாசம் அவன் அட்ரஸுக்கு அனுப்பச் சொல்வாங்க." அவள் பூஸ்ட் செய்த வீடியோவில் சுடு சோற்றில் நெய் உருகிக்கொண்டிருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அந்த ஆன்ட்டிக்கு அதில் ஒன்றும் இல்லை. பொடி எத்தனை நாள் கெடாது, கூரியரில் கொட்டாமல் போகுமா, பையன் வீட்டில் இல்லாவிட்டால் வாட்ச்மேனிடம் கொடுப்பார்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

விலைக்கு இன்பாக்ஸ் வரவும்

விலையைப் போடுங்கள். ரங்கநாதன் தெருவில் கூடை வைத்து விற்கிறவரே கத்திச் சொல்கிறார்.

(அனுப்பும் கூலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் மொத்த விலையைக் காட்டத்தான் சொல்கின்றன.)

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் விழித்துக்கொள்வது

விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. தீபாவளி நெருங்கும்போது பெரிய ஜவுளிக்கடை, நகைக்கடை, செல்போன் கம்பெனி எல்லாம் அதே ஏலத்துக்கு வந்து நிற்கும். அங்கே நம் 300 ரூபாய் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு சென்னையில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். கூரியர் பையன் நனைந்து வருவான், அட்டைப்பெட்டி ஊறிப்போகும், இரும்பு துருப்பிடிக்கும். நான் புரட்டாசி பிறப்பதற்குள் விளம்பரத்தைத் தொடங்கி, ஐப்பசி முதல் வாரத்தில் அடக்கிவிடுகிறேன்.

விளம்பரத்துக்கு முடியும் தேதி வைக்க மறக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை, கீழ் அடுக்குக் கல்லையெல்லாம் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். என் விளம்பரம் மட்டும் மதுரையிலும் கோவையிலும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. சிக்னல் வந்ததும் போனைத் திறந்தால் பதில் போடாத செய்திகள் வரிசையாக. கடைசியாக வந்தது: "ஹலோ, கடை இருக்கா இல்லையா?"

அதே டிசம்பரைச் சும்மாவும் விடாதீர்கள். கச்சேரி சீசனுக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் திரும்பிப் போகும்போது பெட்டியில் ஒரு தோசைக்கல் வைத்துக்கொள்வார்கள். 23 கிலோ பெட்டியில் மூன்று கிலோவைக் கல்லுக்குக் கொடுக்கிற மனிதர்கள் விலையில் பேரம் பேசமாட்டார்கள். எடையைச் சரியாகக் கிராம் கணக்கில் எழுதி வைத்தால் போதும்.

இலவச கொலாப்

இலவசமாக ஒரு கல் கொடுத்தால் அதை வைத்து வீடியோ போடுகிறேன் என்பார்கள், அதுதான் கொலாப். கல் போனது. வீடியோ வரவில்லை. கல்லும் வரவில்லை.

256 பேருக்கு அனுப்பி ஒருவருக்கும் போகாதது

ஒரே செய்தியைப் பல பேருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். எல்லாரும் இதைப் படித்துவிட்டு, விசாரித்தவர், வாங்கியவர், தப்பு நம்பர் என்று வைத்தவர் வரை சேர்த்து லிஸ்டை நிரப்பிவிடுகிறார்கள். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பதை யாரும் கவனிப்பதில்லை. எனக்கே இது தெரிய ஒரு வருடம் ஆனது. அதுவரை யாருமே பதில் போடாததைப் பார்த்து, என் பொருளில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணைச் சேமிக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும். "எங்களைத் தொடர்பில் வைத்திருங்கள்" என்றால் யாரும் செய்யமாட்டார்கள். நான் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சின்ன அட்டை போடுகிறேன்: இந்த எண்ணை சேவ் செய்துவிட்டு "கல்" என்று அனுப்புங்கள், பழக்கும் வீடியோ வரும். புதுக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று நிற்கிற நேரம் அது. அப்போது அனுப்பிவிடுவார்கள்.

இப்போது என் லிஸ்டில் சுமார் 190 பேர். மாதத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் கிடையாது, காலை வணக்கம் கிடையவே கிடையாது. போன மாதம் ஏழு குழிப் பணியாரக்கல் படம் ஒன்று போட்டேன். விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவில்லாமல் பதினாலு கல் போனது. வாங்காத ஒரு மாமியும் போன் செய்தார். நாலு வருடம் முன்னால் கல்சட்டி வாங்கியவர். "பணியாரக்கல் இருக்கும்மா, வேண்டாம். அந்தக் கல்சட்டிக்கு மூடி வச்சிருக்கியா?"

இல்லை. நாலு வருடத்தில் மூடி விற்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சேலத்தில் கல்சட்டி அனுப்புகிறவரிடம் கேட்டிருக்கிறேன், மூன்று சைஸில் மாதிரி செய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.