பழைய மியாட்டாவுக்குப் பெரிய பிரேக்: கிட் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

என் கராஜில் மஸ்டா மியாட்டா ஸ்போர்ட்ஸ் காருக்கான ஒரு பெரிய பிரேக் கிட் நான்கு மாதம் பெட்டியிலேயே கிடந்தது. சிவப்புக் காலிப்பர் (டிஸ்கை இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் பாகம்), பள்ளம் வெட்டிய டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு), எல்லாம் பார்க்க அம்சமாக இருந்தன. என் 14 அங்குல வீலுக்குள்தான் நுழையவில்லை. விற்ற கடைக்காரர் "எல்லா மியாட்டாவுக்கும் பொருந்தும்" என்றார், நானும் அளக்காமல் நம்பிவிட்டேன். அதைவிடப் பெரிய கூத்து, அந்த நான்கு மாதத்தில் பழைய பிரேக்கையே சரிசெய்து ஓட்டியதில், ரேஸ் டிராக்கில் என்னைப் பயமுறுத்திய சிக்கல் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. அதனால் இந்த விளக்கத்தில் கிட் கடைசியில்தான் வரும்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது 1989 முதல் 1997 வரை வந்த மியாட்டா. 1.6 லிட்டர் காரில் முன் டிஸ்க் 235 மி.மீ, 1994 முதல் வந்த 1.8 காரில் 255 மி.மீ. வேறு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தாலும் வரிசை இதேதான், எண்கள்தான் மாறும்.

படி 1: எது தோற்கிறது என்று காலால் கண்டுபிடியுங்கள்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நிற்காது. காரை நிறுத்துவது டயர். இப்போது இருக்கும் பிரேக்கால் சக்கரத்தை லாக் செய்ய, அதாவது சுழலாமல் பிடித்து நிறுத்த, முடிகிறது என்றால், நிற்கும் தூரத்தை டயர்தான் முடிவு செய்கிறது. பெரிய பிரேக் வாங்கித் தருவது வெப்பத்தைத் தாங்கும் திறனை மட்டும்தான். முதல் சுற்றில் பிடித்த மாதிரியே பதினைந்தாவது சுற்றிலும் பிடிக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு செலவும்.

எனவே ஓட்டும்போது கவனியுங்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி நீளமாகக் கீழே போகிறதா? பிரேக் ஆயில் கொதித்து உள்ளே குமிழி விட்டிருக்கிறது. பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் கார் நிற்க மாட்டேன் என்கிறதா? பேட், அதாவது டிஸ்கை உரசிப் பிடிக்கும் கட்டை, தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. ஸ்டீயரிங் அதிர்ந்தால், டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் பேடின் பொருள் டிஸ்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். டிஸ்கில் விரிசல் ஓரம்வரை ஓடுகிறது என்றால் மட்டும் வேறு பேச்சே இல்லை, அன்றைய ஓட்டத்தை அதோடு நிறுத்திவிடுங்கள்.

நான் ஓட்டுவது கலிஃபோர்னியாவின் லகுனா சேகா ரேஸ் டிராக்கில். 3.6 கி.மீ நீளம், 11 வளைவு. முதல் வளைவின் மேட்டைத் தாண்டியதும் இரண்டாவது வளைவுக்கு இறக்கத்தில் பலமாக மிதிக்க வேண்டும். பெடல் முதன்முதலில் கீழே போனது அங்கேதான். எனக்கு நடந்தது ஆயில் கொதித்த கதை, நான் வாங்கியதோ காலிப்பர்!

படி 2: ஆயில், பேட், பழைய ரப்பர்

பிரேக் ஆயிலின் தரத்தை டாட் எண்ணால் சொல்வார்கள். சாதாரண டாட் 3 ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது, குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, ஈரத்தில் 155. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸ் ஆயில்கள் புதிதில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும். ஒரு பாட்டில் ஆயிலும் ஒரு மாலை நேரமும் போதும், மொத்த ஆயிலையும் மாற்றி நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்துவிடலாம். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. 5.1 வேறு, அதைப் போடலாம்.

அடுத்தது பேட். சாலைக்கான பேடை டிராக்கில் வைத்து ஓட்டினால் சீக்கிரமே வழுக்கத் தொடங்கும். டிராக் பேட் நன்றாகப் பிடிக்கும், ஆனால் குளிரில் சுணங்கும், கத்தும், வீலெல்லாம் கரி. நான் டிராக் நாளுக்கு முந்தைய மாலை மாற்றிக்கொள்கிறேன். பழகிவிட்டால் ஒரு மணி நேர வேலை.

முப்பது வயதுக் காரில் ரப்பர் ஹோஸையும் பாருங்கள். அதோடு மியாட்டாவின் பின் காலிப்பரில் சிலருக்கே தெரிந்த ஒரு விஷயம் உண்டு: ஒரு மூடி போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ ஆலன் கீ போகும் அட்ஜஸ்டர் இருக்கிறது. அது தளர்ந்திருந்தால் ஹேண்ட்பிரேக்கும் சரியாகப் பிடிக்காது, பெடலும் நீளும். எத்தனையோ பேர் இதைத் தொடாமலேயே கிட் வாங்கியிருப்பார்கள்.

படி 3: வெப்பக் கணக்கு

பள்ளிக்கூட இயற்பியல்தான், பயப்பட வேண்டாம். ஓட்டுநரோடு 1,050 கிலோ இருக்கும் கார் மணிக்கு 160 கி.மீ வேகத்திலிருந்து 80க்கு இறங்கினால் ஏறக்குறைய 780 கிலோஜூல் வெப்பம் எங்காவது போயாக வேண்டும். அதில் 70 சதவீதம் முன்பக்கம் என்று வைத்தால் ஒரு முன் டிஸ்குக்கு 270 கிலோஜூல் சொச்சம். டிஸ்க் 4 கிலோ என்றால் ஒரே மிதியில் சூடு 150 டிகிரி அளவுக்கு ஏறும், 6 கிலோ என்றால் 100தான். அடுத்த வளைவுக்குள் அது ஆறவில்லை என்றால் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். பெரிய டிஸ்க் உதவுவது இப்படித்தான்: இரும்பு அதிகம், காற்று படும் பரப்பும் அதிகம்.

படி 4: காற்றுக் குழாய்

முன் பம்பரிலிருந்து 3 அங்குலக் குழாய் ஒன்றை டிஸ்கின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோங்கள். ஓரத்தில் ஊதிப் பயனில்லை. நடுவில் இடைவெளி உள்ள டிஸ்க் சுழலும்போது மையத்திலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும், நாம் அதற்குக் காற்றை ஊட்டினால் போதும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, டயர் குழாயை உரசவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

படி 5: முதலில் மஸ்டாவின் சொந்தப் பாகங்கள்

இவ்வளவும் செய்தும் சூடு அடங்கவில்லை, அல்லது டர்போ போட்டிருக்கிறீர்கள், நல்ல ஒட்டு டயர் போட்டிருக்கிறீர்கள் என்றால், சரி, இப்போது பெரிய பிரேக் பேசலாம். 1.6 காருக்கு மலிவான வழி 1.8 காரின் பிரேக்கை மாட்டுவது. 14 அங்குல வீலுக்குள்ளேயே அடங்கும். அதற்கு மேலே, இரண்டாம் தலைமுறையில் 2001 முதல் வந்த ஸ்போர்ட் பிரேக்: முன்னே 270 மி.மீ, பின்னே 276 மி.மீ. இதற்கு 15 அங்குல வீல் வேண்டும். இவற்றில் எனக்குப் பிடித்தது, டிஸ்கும் பேடும் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் என்பது.

படி 6: நான்கு பிஸ்டன் கிட் என்றால்

விற்பவர் தரும் காலிப்பர் வரைபடத்தை நிஜ அளவில் அச்செடுத்து, அட்டையில் வெட்டி, வீலுக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஆரக்காலுக்கும் காலிப்பருக்கும் குறைந்தது 3 மி.மீ இடைவெளி வேண்டும். வீலின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடைக்கட்டியையும் கணக்கில் சேருங்கள். பத்து நிமிட வேலை. நான் செய்யாதது இதைத்தான்.

அப்புறம் பிஸ்டன் பரப்பு. காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் உருளைதான் பிஸ்டன். நான்கு பிஸ்டன் என்றதும் நான்கு மடங்கு பலம் என்று நினைத்துவிட வேண்டாம். மியாட்டாவின் ஒற்றை பிஸ்டன் சுமார் 51 மி.மீ, பரப்பு 2,040 சதுர மி.மீ. எதிரெதிரே பிஸ்டன் உள்ள காலிப்பரில் ஒரு பக்கத்தை மட்டும் கணக்கிட வேண்டும். 36 மி.மீ பிஸ்டன் இரண்டு சேர்ந்தால் அதுவும் கிட்டத்தட்ட 2,040. அப்படி இருந்தால் நல்லது, பெடல் மாறாது. ரொம்பப் பெரிய பிஸ்டன் போட்டால் பெடல் நீளும், முன்பக்கமே எல்லா வேலையும் செய்யும், பின் சக்கரம் சும்மா உருளும். நிற்கும் தூரம் கூடினாலும் கூடும். அதைச் சரிக்கட்டப் பின்னே கொஞ்சம் கடிக்கும் பேட் போடலாம், ஆனால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகும் அளவுக்குப் போகவே கூடாது. கார் சுழன்றுவிடும்.

துளையிட்ட டிஸ்க் டிராக்குக்கு வேண்டாம், துளையைச் சுற்றி விரிசல் விடும். ரேஸ் காலிப்பர்கள் பலவற்றில் தூசி தடுக்கும் ரப்பர் இருக்காது, தினசரி ஓட்டும் காருக்கு அது தொல்லை. பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மாற்று டிஸ்கின் விலையையும் கேட்டுவிடுங்கள். கிட் ஒருமுறைச் செலவு, டிஸ்க் வருடாவருடம்.

படி 7: மாட்டியபின்

ஆளில்லாத நேர்ச்சாலையில் 100லிருந்து 20 கி.மீ வரை, பத்துமுறை, முழுவதும் நிற்காமல் வேகம் குறையுங்கள். பிறகு மிதிக்காமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் பேட் பட்ட இடத்தில் திட்டு விழும், முதல் படியில் சொன்ன அதிர்வு புது டிஸ்கிலேயே வந்துவிடும்.

டிஸ்கின் வெளி விளிம்பில் வெப்பம் காட்டும் பெயிண்டும் பூசிக்கொள்ளுங்கள். பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560ல், சிவப்பு 610ல். ஒரு டிராக் நாள் முடிந்ததும் பாருங்கள். பச்சை மட்டும் மாறியிருந்தால் நீங்கள் வாங்கிய அளவு போதும். மூன்றும் வெளுத்திருந்தால் படி 4க்குத் திரும்புங்கள், குழாய் எங்கேயோ கழன்றிருக்கும்.