எடை குறைவதற்குப் பதில் கூடியது ஏன்? மெக்னீசிய அரிமானத்தை அளக்கும் முறை

மூன்று நாள் உப்புநீரில் கிடந்த ஏஇசட்31 துண்டை எடுத்துத் தராசில் வைத்தேன். எடை கூடியிருந்தது! தராசைத்தான் முதலில் திட்டினேன். காட்பாடி அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை.

ஏஇசட்31 என்பது 3 சதவீதம் அலுமினியமும் 1 சதவீதம் துத்தநாகமும் கலந்த மெக்னீசியம். துண்டை எமரித் தாளில் தேய்த்து, எத்தனாலில் கழுவி, உலர்த்தி, எடை போட்டு, 3.5 சதவீத உப்புக் கரைசலில் தொங்கவிடுங்கள். இரும்பு தேய்த்த எமரித் தாள் வேண்டாம். ஒட்டும் இரும்புத் துகளைச் சுற்றிக் குழி விழும். வாலாஜா ரோட்டுக் கடையில் வாங்கிய புதுத் தாளே மேல்.

இனி என்னைக் கவிழ்த்த படி. மெக்னீசியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடுகிறது. மேலே வெள்ளையாக மெக்னீசியம் ஹைட்ராக்சைடு படிகிறது. 24 கிராம் உலோகம் 58 கிராம் படிவாகிறது. அது ஒட்டிக்கொண்டிருக்கும்போது எடை கூடாமல் என்ன செய்யும்? நகத்தால் சுரண்டினால் உலோகமும் சேர்ந்து வரும். ஒரு லிட்டர் நீரில் 200 கிராம் குரோமிக் அமிலமும் 10 கிராம் வெள்ளி நைட்ரேட்டும் கரைத்து அதில் சில நிமிடம் முக்க வேண்டும். படிவு கரையும், உலோகம் பெரும்பாலும் தப்பும். வெள்ளி எதற்கு? துண்டோடு வரும் குளோரைடைப் பிடித்துக்கொள்ள. இல்லாவிட்டால் அமிலத்திலேயே அரிக்கும். அரிக்காத துண்டு ஒன்றையும் கூடவே முக்கி, அதன் இழப்பைக் கழித்துவிடுங்கள்.

கையுறை கட்டாயம். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். குரோமிக் அமிலத்தில் இருப்பது அறுமதிப்புக் குரோமியம், நச்சுத்தன்மை கொண்ட வடிவம். அது நிலத்தடி நீரில் இறங்கினால் என்னவாகும் என்று, குரோமியக் கழிவால் அவதிப்பட்ட ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் அரிக்கிறது என்ற கணக்கு சுலபம்: 87,600 × எடை இழப்பு (கிராம்) ÷ (பரப்பு சதுர செ.மீ. × மணி × அடர்த்தி கிராம்/கன செ.மீ.). 10 சதுர செ.மீ. துண்டு 72 மணியில் 25 மில்லிகிராம் இழந்தால், அடர்த்தி 1.77 என வைத்து, ஆண்டுக்கு 1.72 மில்லிமீட்டர்.

சரிபார்க்க, துண்டின் மேல் புனலையும் அதன் மேல் கரைசல் நிரப்பிய பியூரெட்டையும் (அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாய்) கவிழ்த்து வையுங்கள். சேரும் ஒரு மில்லிலிட்டர் ஹைட்ரஜன் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் மெக்னீசியத்துக்குச் சமம். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 டிகிரி அடிக்கும்போது நீராவியும் சேர்ந்து இடம் பிடிப்பதால் 0.88 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டன்ஷியோஸ்டாட் கருவியின் வரைகோட்டை மட்டும் நம்புவோரோடு எனக்கு ஒத்துப்போகாது. மெக்னீசியத்தை நேர்மின் பக்கம் தள்ளத் தள்ள ஹைட்ரஜன் குறைவதில்லை, கூடுகிறது. அந்த வரைகோட்டிலிருந்து போடும் டாஃபல் கணக்கு அரிமான வேகத்தைப் பல நேரம் குறைத்தே சொல்லும்.

பின்சேர்க்கை: முதல் சில மணி நேரம் பியூரெட்டில் ஒன்றும் ஏறவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். வாயு கரைசலிலேயே கரைந்துபோயிருக்கும். முந்தின இரவே கரைசலில் வேண்டாத மெக்னீசியத் துண்டொன்றைப் போட்டுவையுங்கள், காரத்தன்மையும் நிலைப்படும்.

இன்னொருவருக்கு என் விடையைப்போல் பல மடங்கு வந்ததாம். விசாரித்தால், துண்டைச் செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். செம்பு தொட்டால் மெக்னீசியம் இன்னும் வேகமாக அரிக்கும். தூண்டில் நரம்பு போதும்.